ஏரி மறுபடியும் நகர்ந்திருக்கிறது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து பிறந்தது. கையெழுத்து அண்ணனுடையது, எழுத்து என்னுடையது. ஒன்றல்ல, பதினான்கு கடிதங்கள். ஊர் கட்டும் கணினி விளையாட்டு ஒன்றை நடத்தும் நிறுவனத்துக்கு மூன்று வருடங்களாக எழுதியவை. நான் இதுவரை மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே லிஃப்டில் ஏற்றிவிடலாம் என்பது அண்ணனின் கணக்கு. ஆனால் அவனுக்காக நான் எழுதிய ஒன்பதாவது கடிதத்தைப் பல்லாயிரம் பேர் படித்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையப் பெருமை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் நாற்பத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதில் ஆறு லிஃப்ட் பொருத்துகிற வேலை. இரண்டு வாரம் அங்கே, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில். டீ குடிக்கிற நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து ஊர் கட்டுவான். விளையாட்டில் வெறும் நிலம் கொடுப்பார்கள். சாலை போட வேண்டும், குழாய் பதிக்க வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும். அதன் பிறகு ஜனங்கள் தாமாகவே வந்து குடியேறிக் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். ஒரே ஆள் தனியாக விளையாடுகிற விளையாட்டுத்தான். ஆனால் அந்த ஒரே ஆள், விளையாடும் நேரம் முழுக்க நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பில் இருந்தே ஆக வேண்டும். இணைப்பு போனால் ஊரும் போச்சு.

"ஊர் என்னுது, ஆள் நான் ஒருத்தன்தான்" என்பான் அண்ணன். "என் வீட்டு லைட்டைப் போடறதுக்கு எவனோ ஒருத்தன் முழிச்சிட்டு இருக்கணுமாம். இது என்ன நியாயம்?"

இது அந்த அநியாயத்தை எதிர்த்து ஒரு தனி மனிதன் நடத்திய போராட்டத்தின் கதை.

2

அப்பாடா. இனிமேல் நிம்மதியாகப் பேசலாம்.

மேலே இருக்கிற கடைசி வாக்கியத்தை அண்ணனுக்காக எழுதினேன். அவன் என் கதைகளில் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் மட்டும்தான் படிப்பான். தொழில் பழக்கம். லிஃப்ட் கீழ்த்தளத்திலும் உச்சித்தளத்திலும் சரியாக நின்றுவிட்டால், நடுவிலே உள்ள மாடிகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் என்பது அவன் சித்தாந்தம். எத்தனையோ வருடம் இதற்காக அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது முதல் முறையாக அது எனக்கு உபயோகப்படுகிறது, ஏனென்றால் அவனுக்குத் தெரியக்கூடாத ஒன்றை நான் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

(எண் போட்டு எழுதுவதைப் பார்த்து இது ஏதோ புது மாதிரி இலக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். பிழைப்புக்கு நான் மிஷின்களுக்குக் கையேடு எழுதுகிறேன். துணி துவைக்கிற மிஷின், காற்றுச் சுத்திகரிப்பான், முடி உலர்த்தி. எண் போடாவிட்டால் எனக்கு அடுத்த வரி வராது.)

3

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் தேறவில்லை. ஆனாலும் அழிக்க மனசில்லை.

தொடக்கம் அ: நாற்பத்திரண்டாவது மாடிக்கு மேலே, காற்று சுழன்றடிக்கும் மெஷின் ரூமில், ஒரு மனிதன் தன் நகரத்தின் கதவு திறப்பதற்காகக் காத்துக்கொண்டு

இதோடு நிறுத்திவிட்டேன். மெஷின் ரூமில் காற்று அடிக்காது. கதவை இறுக்கிச் சாத்தியிருப்பார்கள், தூசி போனால் மோட்டார் கெட்டுவிடும். இதை அண்ணனே சொல்லியிருக்கிறான்.

தொடக்கம் ஆ: பெஞ்சுகளை அறுபது அடிக்கு ஒன்றாக அவள் போட ஆரம்பித்தபோது யாருக்கும்

இது சரியான தொடக்கம்தான். ஆனால் ரொம்ப அவசரம். ரகசியம் முதல் வரியிலேயே கொட்டிவிடும்.

தொடக்கம் இ: சென்ற மாதம் எடை பார்க்கும் மிஷின் ஒன்றுக்குக் கையேடு எழுதினேன். முதல் படி, தட்டையான தரையில் வைக்கவும். இரண்டாம் படி, பேட்டரி போடவும். மூன்றாம் படி, இணைய இணைப்பை உறுதிசெய்துகொள்ளவும். எனக்குக் கை ஓடவில்லை. நான் எத்தனை கிலோ என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு கணினிக்குத் தெரிய வேண்டுமா என்று கம்பெனியில் கேட்டேன். "மேடம், எல்லாரும் அப்படித்தான் இப்ப" என்றார் பொறியாளர். எடையை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, சும்மா வைத்துக்கொள்வார்கள் என்றார்.

மூன்றாவது தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன், அதுவும் எடையோடு.

4

அண்ணனின் ஊருக்கு 'இரட்டைமாடி' என்று பெயர். இரண்டு மாடிக்கு மேல் அங்கே எதுவுமே கிடையாது. பகல் முழுக்க நாற்பத்திரண்டு மாடிக்குக் கம்பி இழுக்கிறவன் தன் சொந்த ஊரிலும் லிஃப்ட் வைப்பானா? பள்ளிக்கூடம் இரண்டு மாடி, நீதிமன்றம் இரண்டு மாடி, ஆஸ்பத்திரி இரண்டு மாடி. விளையாட்டு அவனைக் கெஞ்சுகிறது: வானுயரக் கட்டடம் கட்டினால் அடுத்த நிலை, பதக்கம், ஒரு விமான நிலையம். போய் வேலையைப் பார் என்று விட்டுவிட்டான்.

அந்த ஊருக்குள் போவதற்கு அவன் பட்ட பாட்டை நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். டீ நேரம் இருபது நிமிடம். கணினியைத் திறந்தால், "உங்களுக்கு முன்னால் வரிசையில் 4,312 பேர்" என்று வரும். தன் ஊருக்குள் தான் போக வரிசை. வரிசை நகர்ந்து உள்ளே போனால் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். வடக்குத் தெருவுக்குச் சாக்கடைக் குழாய் பதிப்பான், சரிவு பார்ப்பான், இணைப்புக் கொடுப்பான். அந்த நேரம் பார்த்து ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். "இணைப்பு துண்டிக்கப்பட்டது." திரும்ப உள்ளே போனால் குழாய் இருக்காது, தோண்டின பள்ளமும் இருக்காது. அதே சாக்கடையை அவன் ஏழு தடவை பதித்திருக்கிறான். நிஜ ஊரில் ஒரு தடவை பதிப்பதற்கே நாம் எத்தனை வருடம் காத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

போன் செய்து புலம்புவான். நான் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கையேட்டு மொழியில் ஒரு கடிதம் தட்டிக் கொடுப்பேன். நிறுவனத்திலிருந்து பதில் வரும்: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது. அதை எழுதியவரும் என்னைப்போலத் தொழிலுக்கு எழுதுகிறவர்தான் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு எழுத்துப் பிழையில்லை, ஒரு அர்த்தமும் இல்லை. தொழில்முறையில் நான் அவரை மதிக்கிறேன்.

எட்டாவது கடிதம் வரைக்கும் எல்லாம் சாதாரணப் புகார்கள்தான். வரிசை, வட்டம், சாக்கடை. அதற்குப் பிறகுதான் ஏரி நகர ஆரம்பித்தது.

5

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அண்ணன் ஒரு ஏரி வெட்டியிருந்தான். ஒரு திங்கட்கிழமை மாலை பார்க்கும்போது அது கொஞ்சம் மேற்கே தள்ளியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம். இவன் மெக்கானிக் அல்லவா, அளவு எடுத்தான். தினமும் நாற்பதிலிருந்து அறுபது அடி. கிழக்குக் கரை மூடுகிறது, மேற்குக் கரை அகலமாகிறது. ஒன்பது நாளில் ஏரி முழுசாக ஊரைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே இருந்த பஸ் ஷெட், சாலையோரம் ஒழுங்காக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. போதாததற்கு ஊர் முழுக்க எங்கே பார்த்தாலும் பெஞ்சுகள் முளைத்திருந்தன.

ஒன்பதாவது கடிதத்தை நான் ரசித்து எழுதினேன். அதிலிருந்து கொஞ்சம்:

"ஐயா, ஏரி மறுபடியும் நகர்ந்திருக்கிறது. நேற்று மாலை நீதிமன்றத்துக்குக் கிழக்கே இருந்தது. இன்று அதைத் தாண்டிவிட்டது. நான் அதைத் தொடவில்லை. அதுவும் என்னைக் கேட்கவில்லை. என் ஊர் என் கணினியில் இருந்திருந்தால், என் ஏரி நான் வெட்டிய இடத்தில் இருந்திருக்கும். உங்கள் சர்வரில் இருப்பதால் அது எங்கே போகிறது என்று தினமும் சாயங்காலம் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது."

அண்ணன் இதை விளையாட்டுக்காரர்களின் குழுவில் போட்டான். பற்றிக்கொண்டது. வரிசையில் நின்று நொந்துபோனவர்கள், சாக்கடை இழந்தவர்கள், பாலம் இழந்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஆஃப்லைனில் விளையாட விடு என்று மனு தயாரானது. நாற்பதாயிரம் கையெழுத்து. மனுவின் தலைப்பிலேயே எங்கள் ஏரியின் வரைபடம், ஒன்பது நாள் அளவுகளோடு. அண்ணனுக்கு அந்தக் குழுவில் 'ஏரி மேயர்' என்று பெயர் வந்துவிட்டது. எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் அவனிடம் இன்றைக்கு ஏரி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

ஒரு தடவை அவன் உள்ளே இருக்கும்போதே வெளியே தள்ளப்பட்டான். "உங்கள் கணக்கு வேறொரு இடத்தில் திறக்கப்பட்டுள்ளது" என்று செய்தி வந்தது. வேறு யாராவது இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அண்ணன் என்ன நினைத்தான் தெரியுமா?

"அந்த வேறொரு இடம் நான்தான்" என்று எனக்கு விளக்கினான். "நாற்பத்திரண்டாவது மாடில ரெண்டு டவர் சிக்னலும் வருது. இதுலேர்ந்து அதுக்கு மாறினா, நான் வேற ஆளுன்னு நினைச்சுக்குது. எவ்ளோ மட்டமா செஞ்சிருக்காங்க பாரு."

எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமான விளக்கமாகப் பட்டது. பத்தாவது கடிதத்துக்குக் குறித்துவைத்துக்கொண்டேன்.

6

இப்போது அண்ணியைக் கூட்டி வருகிறேன்.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கூடம். சுவரோரம் பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ரப்பர் பட்டைகள், மூன்றே மூன்று படி வைத்து எங்கேயும் போகாத ஒரு மாடிப்படி. முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களை மறுபடி நடக்க வைப்பது அண்ணியின் வேலை. நான் கணுக்காலைப் பிசகிக்கொண்டு அங்கே போயிருந்தேன். என் காலைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே அண்ணி தன் கைபேசியை ஒருமுறை பார்த்தாள். முகம் தெளிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் விளையாடுகிற அதே விளையாட்டின் படம், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

என்ன அது என்று கேட்டேன்.

"உங்க அண்ணன் ஷாஃப்ட்லேர்ந்து மேல வந்துட்டார்னு அர்த்தம்" என்றாள்.

(லிஃப்ட் ஏறி இறங்குகிற நீளக் குழிக்கு ஷாஃப்ட் என்று பெயர். அண்ணனுக்கு நாளில் பாதி அதற்குள்தான், பெல்ட்டில் தொங்கிக்கொண்டு. உள்ளே சிக்னல் கிடையாது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்.)

அண்ணி நிதானமாகச் சொன்னாள். வீட்டுக் கணினியில் அண்ணன் ஒரு தடவை விளையாட்டைத் திறந்துவிட்டு அப்படியே போய்விட்டான். மூடப் போனவள், மேயர் ஊரில் இருக்கிறார் என்று பச்சைப் புள்ளியைப் பார்த்திருக்கிறாள். கைபேசியிலும் அது தெரியும் என்று கண்டுபிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்குத் தகவல். டீ நேரத்தில் பச்சை, சாப்பாட்டு நேரத்தில் பச்சை, வேலை முடிந்ததும் பச்சை. மேலே வந்ததும் அவர் எனக்கு போன் பண்ண மாட்டார், ஊருக்குள்தான் போவார் என்றாள். அதில் கோபம் இல்லை, அண்ணனைப் பற்றிய ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. "அண்ணி, ஏரியை நகர்த்தினது நீங்களா?"

"ஒன்பது நாள் ஆச்சு" என்றாள். "காலைல வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருபது நிமிஷம்தான் கிடைக்கும். மண்ணைத் தோண்டறது ஈஸி, மூடறதுதான் நேரம் எடுக்குது."

அவள் என் காலை அடுத்த பக்கம் சுழற்றினாள்.

"ஆபரேஷன் ஆனவங்களை நடங்கன்னு சொன்னா, எங்க நடக்கறதுன்னு கேக்கறாங்க. போய்ச் சேர ஒரு இடம் வேணும் இல்ல? உங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பஸ் ஷெட்டை வெச்சிருந்தார். யார் போய் பஸ் ஷெட்டைப் பாத்துட்டு வருவாங்க?"

பெஞ்சு? அறுபது அடிக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாதாம், முதல் வாரத்தில்.

7

கதாபாத்திரம் என்ற முறையில் அண்ணி எனக்குப் பெரிய தலைவலி.

ஏன் சொல்லவில்லை? வாசகர்கள் கேட்பார்கள். பழிவாங்கல் என்று எழுதிப் பார்த்தேன். அண்ணிக்கு அது பொருந்தவே இல்லை, இரவல் செருப்பு போட்ட மாதிரி இருந்தது. தனிமை என்று எழுதினேன். நான்கு வரி தாண்டவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேரை நடக்க வைக்கிறவளுக்குத் தனிமைக்கு நேரம் ஏது? கடைசியில் அவளிடமே கேட்டேன்.

சொல்லத்தான் இருந்தாளாம். நாலாவது நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் ஏரியை முழுசாகக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று இன்னொரு யோசனை. "அதுக்குள்ள நீ லெட்டர் எழுதிட்டியே" என்றாள்.

குற்றம் எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்று பாருங்கள். ஆனால் அது உண்மைதான். கடிதம் போய், குழு போய், நாற்பதாயிரம் கையெழுத்தும் வந்த பிறகு, ஏரியை நகர்த்தியது உங்கள் வீட்டுக்காரி என்று எப்படிச் சொல்வது? அந்த மனுஷன் மூக்கு உடைந்துவிடாதா? அதனால் அவள் சும்மா இருந்துவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகும் நான் இன்னும் ஐந்து கடிதங்கள் எழுதினேன். அவற்றில் வார்த்தைக்கு வார்த்தை ஆத்திரம் கொப்பளித்தது. நான் கூசவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேலே வந்ததும் ஒரு போன் பண்ணுங்கள் என்று அண்ணனிடம் கேட்டால் போதாதா என்றும் கேட்டேன்.

"கேட்டு வாங்கறது வேற" என்றாள் அண்ணி. "தானா தெரியறது வேற. அவர் எனக்காக மேல வந்து நிக்க வேணாம். அவர் வேலையைப் பாத்துட்டு, அவர் ஊரைப் பாத்துட்டு இருக்கட்டும். அவர் நல்லா இருக்கார்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

இதற்கு மேல் அவளைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

8

அண்ணன் ஜெயித்துவிட்டான்.

போன மாதம் நிறுவனம் அறிவித்தது: இனி விரும்புகிறவர்கள் தங்கள் ஊரைத் தங்கள் கணினிக்கே இறக்கிக்கொள்ளலாம். இணைப்பே தேவையில்லை. ஆனால் ஒருமுறை இறக்கினால் ஊர் சர்வரில் இருக்காது, திரும்ப ஏற்றவும் முடியாது. அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி: "தம் ஏரியின் நகர்வை ஒன்பது நாள் பொறுமையாக அளந்து அனுப்பிய மேயருக்கு எங்கள் நன்றி. அந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம்."

இல்லாத பிழையை எப்படிச் சரிசெய்தார்கள் என்று நான் மூன்று நாள் யோசித்தேன். என்னைப்போன்ற யாரோ அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

அண்ணன் போனில் குதித்தான். இனி ஷாஃப்டுக்குள் உட்கார்ந்துகொண்டுகூட ஊர் கட்டலாம். அண்ணி எனக்கு போன் செய்து, நல்ல விஷயம்தான், அவர் ரொம்ப நாளா கஷ்டப்பட்டார் என்றாள். பிறகு வேறு ஏதோ பேசினாள். இணைப்போடு சேர்ந்து போய்விடப்போகிற பச்சைப் புள்ளியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொள்கை அளவில் நான் அண்ணன் பக்கம்தான். ஒருவன் தன் கையால் கட்டியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விட வேண்டும். இணைப்பு இருந்தால்தான் ஊர் என்கிற அந்தப் பூட்டு அநியாயப் பூட்டு, அதை உடைத்தது சரி. அண்ணிக்கு அதிலே ஒரு ஜன்னல் கிடைத்தது நிறுவனம் செய்த நல்லது அல்ல, அண்ணியின் சாமர்த்தியம். இருந்தாலும் பூட்டோடு ஜன்னலும் போகப்போகிறதே என்று எனக்கு அடித்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் ஒரே கதையில் வைக்க எனக்கு வரவில்லை, முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அண்ணி சொல்லிவிடுகிறாள். அண்ணன் திகைக்கிறான். பிறகு நாற்பதாயிரம் பேருக்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்கிறான், நேர்மைக்காரன். "ஐயா, ஏரியை நகர்த்தியது என் மனைவி" என்று பதினைந்தாவது கடிதம். யார் எழுதுவது? நான்தான். மாட்டேன்.

முடிவு ஆ: சொல்லவில்லை. அண்ணன் ஊரை இறக்கிக்கொண்டு போய்விடுகிறான். டீ நேரத்தில் அண்ணி பழக்க தோஷத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நோயாளியிடம் திரும்பி, ம், இன்னொரு அடி

வேண்டாம். இதை என்னால் எழுத முடியாது.

முடிவு இ: கடைசி நொடியில் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. நீங்கள் புத்தகத்தை என் மேல் வீசுவீர்கள்.

முடிவு ஈ: நான் இந்தக் கதையின் நடுப்பகுதியை எடுத்து முதல் பகுதியாகப் போட்டுவிடுகிறேன், அண்ணன் படித்துவிடுவான். உண்மையாகவே அப்படி மாற்றி அச்செடுத்தேன். அரை மணி நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது அண்ணியின் விஷயம். எழுத வருகிறது என்பதற்காக அதை நான் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இப்படி நான்கு முடிவோடு நான் முழித்துக்கொண்டிருந்தபோது, வியாழக்கிழமை அண்ணனே போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், என்னையும் சாப்பிட வரச் சொன்னான். அவன் எடுத்த ஒரு முடிவு என் பட்டியலிலேயே இல்லாதது.

"பட்டனை நான் அழுத்தப் போறதில்ல" என்றான். "உங்க அண்ணி அழுத்தட்டும். மூணு வருஷமா வீட்ல என் புலம்பலைப் பொறுமையா கேட்டவ அவதான். அவ கையாலதான் நடக்கணும்."

9

வா அண்ணா. நீ இங்கேதான் மறுபடி ஏறிக்கொள்வாய் என்று தெரியும். நடுவில் நீ விட்டது ஒன்றுமில்லை, எடை பார்க்கும் மிஷினைப் பற்றிக் கொஞ்சம் அளந்தேன், அவ்வளவுதான். உன் போராட்டத்தைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்து, அண்ணன் மடிக்கணினியை நடுவில் வைத்தான். சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான், ஏதோ கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்தவனைப்போல. அண்ணி எதிரே உட்கார்ந்தாள். திரையில் இரட்டைமாடி முழுசாகத் தெரிந்தது. தாழ்ந்த கூரைகள், சாலைகள், பெஞ்சுகளில் பொட்டுப் பொட்டாக மனிதர்கள். கீழே ஒரு நீலப் பட்டன்: ஊரை இறக்கிக்கொள்.

அண்ணன் கணினியை அவள் பக்கம் திருப்பினான். அண்ணி விரலைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை.

"இதை அழுத்தினா எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்குமா?" என்று கேட்டாள்.

அப்படியே இருக்கும் என்றான் அண்ணன். இனி அவன் சொல்லாமல் ஒரு செங்கல் நகராது.

"அப்போ ஏரியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோயிடுவீங்களா?"

இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"மாட்டேன்" என்றான். "ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றவங்க எல்லாம் அங்கதான் நடக்கறாங்க. குச்சி வெச்சுக்கிட்டு மெதுவா, பெஞ்சு பெஞ்சா உக்காந்து உக்காந்து போவாங்க. நான் மேல வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல்ல அங்கதான் போய்ப் பாப்பேன். பாத்தா அப்படியே ஒரு நிம்மதி. கோபத்துல வெளிய சொல்லிக்கல." திரையில் ஏரியைத் தொட்டுக் காட்டினான். "எந்தத் தப்புல நகர்ந்துச்சோ தெரியல. நான் வெட்டின இடத்தைவிட அது நல்ல இடம்."

அண்ணியின் கண்கள் நிறைந்துவிட்டன. பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது ஏன் என்று இந்தப் பகுதியில் நான் எழுத மாட்டேன்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பதினான்கு கடிதம் அவர்களுக்கு நடுவில் எழுதிவிட்டேன், போதும். கொடியில் அண்ணனின் வேலைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எதிர் வீட்டில் யாரோ ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. ஒருவர் சிரித்ததா இருவர் சிரித்ததா என்று கதவு வழியே பிடிபடவில்லை.

அண்ணா, உனக்கு எல்லாம் தெரியும். தயவுசெய்து வாயைத் திறக்காதே.

வாசகர்களே, நீங்கள் சொல்லுங்கள். நான் வெளியே வந்தபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை, அந்த மேஜையருகேதான் இருந்தீர்கள். யார் முதலில் பேசியது? அந்த விரல் எங்கே போயிற்று? இங்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, கணுக்கால் வேறு லேசாக வலிக்கிறது.

நான் உள்ளே வரலாமா?